படம் ஓடியது, பணம் எங்கே? சினிமாவின் உரிமை, தொழில்நுட்பம், லாபம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வசூலை வைத்து ஒரு படம் வெற்றியா தோல்வியா என்று பேசுகிறோம். அந்த வசூல் யார் யார் கை மாறி, கடைசியில் யாரிடம் தங்குகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஹாலிவுட்டிலிருந்து வருகின்றன. நூறு ஆண்டுக்கும் மேலான வழக்குகளும் ஒப்பந்தங்களும் அங்கேதான் வெளிப்படையாகப் பதிவாகியிருக்கின்றன.

டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணம் எப்படிப் பிரிகிறது?

டிக்கெட் 100 என்று வைத்துக்கொள்வோம். முதலில் வரி போகும். மீதியைத் தியேட்டரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்வார்கள். தோராயமாகப் பாதிப் பாதி. பல இடங்களில் முதல் வாரம் விநியோகஸ்தர் கை ஓங்கியிருக்கும், நாள் போகப் போகத் தியேட்டரின் பங்கு ஏறும். ஆனால் படங்கள் இப்போது முதல் வாரத்திலேயே பெரும் பங்கைச் சம்பாதித்துவிடுகின்றன. தியேட்டர்காரர் இடைவேளை விற்பனையை அவ்வளவு நம்பியிருப்பதற்கு அதுதான் காரணம். அந்தக் காசை அவர் யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை.

விநியோகஸ்தரிடம் போன பாதியிலிருந்து முதலில் அவருடைய கமிஷன் கழியும். அப்புறம் விளம்பரச் செலவும் பிரதிச் செலவும். அதற்கு அடுத்து, படத்துக்குக் கடன் கொடுத்தவரின் அசலும் வட்டியும். இத்தனையும் போய் மிஞ்சினால்தான் தயாரிப்பாளருக்கு. ‘லாபத்தில் பங்கு’ என்று எழுதி வாங்கிய எழுத்தாளரும் நடிகரும் அவருக்கும் பின்னால் நிற்கிறார்கள். பந்திக்கு முந்து என்பது இந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்தும். எவ்வளவு விழுக்காடு என்பதை விட வரிசையில் எந்த இடம் என்பது முக்கியம்.

கோடிக்கணக்கில் வசூலித்த படம் எப்படி நஷ்டக் கணக்கு காட்டுகிறது?

‘நிகர லாபம்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம். எதையெல்லாம் கழித்த பிறகு நிகரம் என்று ஒப்பந்தம் சொல்லும். அந்தக் கழிவுப் பட்டியலை எழுதுவது ஸ்டுடியோ. அதே ஸ்டுடியோதான் விநியோகமும் செய்கிறது. தன் படத்தை விநியோகிக்கத் தனக்கே கமிஷன் எடுத்துக்கொள்ளும். தன் அலுவலக நிர்வாகச் செலவு என்று ஒரு விழுக்காட்டைச் சேர்க்கும். தான் போட்ட பணத்துக்குத் தானே வட்டியும் போடும்.

ஆர்ட் புச்வால்ட் என்ற பத்திரிகை எழுத்தாளர், தன் கதைக் கருவிலிருந்து பாரமவுண்ட் ஒரு படம் எடுத்ததாக வழக்குப் போட்டார். 1988-ல் வெளியான அந்த நகைச்சுவைப் படம் உலகெங்கும் பெரும் வசூல் கண்டது. ஆனாலும் நிகர லாபம் எதுவும் இல்லை என்று கணக்கு காட்டப்பட்டது. 1990-ல் கலிஃபோர்னியா நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தக் கழிவுப் பட்டியலின் பல விதிகள் மனசாட்சிக்கு ஒவ்வாதவை என்றும் சொன்னது. ஆனாலும் நிகர லாப ஒப்பந்தங்கள் அதோடு ஒழிந்துவிடவில்லை.

பேரம் பேசும் வலு உள்ளவர்கள் வசூலின் முதல் காசிலிருந்தே பங்கு கேட்கிறார்கள். பங்கு கேட்கும் வழியைப் பெரிதாகத் திறந்துவிட்டவர் ஜேம்ஸ் ஸ்டுவர்ட். 1950-ல் யுனிவர்சல் நிறுவனத்தால் அவருடைய சம்பளத்தைக் கொடுக்க முடியவில்லை. சம்பளத்துக்குப் பதில் பங்கு என்று அவருடைய ஏஜெண்ட் லூ வாஸர்மேன் பேசி முடித்தார். படம் ஓடியது, ஸ்டுவர்ட்டுக்குச் சம்பளத்தை விடப் பல மடங்கு கிடைத்தது. 1962-ல் வாஸர்மேனின் எம்.சி.ஏ. நிறுவனம் யுனிவர்சலையே வாங்கிவிட்டது.

ஸ்டுடியோவே தியேட்டரும் வைத்திருந்தால் என்ன கெட்டுப்போகும்?

இதற்கு வரலாறே விடை சொல்லியிருக்கிறது. 1930களிலும் 40களிலும் ஐந்து பெரிய நிறுவனங்கள் இருந்தன: பாரமவுண்ட், எம்.ஜி.எம்., வார்னர் பிரதர்ஸ், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. படம் எடுப்பதும் அவர்கள், விநியோகிப்பதும் அவர்கள், திரையிடுவதும் அவர்கள். நாட்டிலிருந்த தியேட்டர்களில் ஒரு சிறு பகுதிதான் அவர்களுடையது. ஆனால் பெரிய நகரங்களில் புதுப்படம் முதலில் ஓடும் அரங்குகள் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தன. பணம் அங்கேதான் விளைந்தது.

தனியார் தியேட்டர்காரர்களை மொத்தக் கொள்முதல் முறை நெருக்கியது. ஒரு நட்சத்திரப் படம் வேண்டுமென்றால் கூடவே பல சுமாரான படங்களையும், பார்க்காமலேயே, எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுமாரான படங்களுக்குப் பார்வையாளர் விரும்பி வர வேண்டிய அவசியமே இல்லை. எடுக்கும்போதே திரை உறுதி. அதே நேரம் வெளியில் ஒருவர் எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் திரை கிடைப்பது குதிரைக்கொம்பு.

1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது போட்டியைக் கொல்கிறது என்று சொல்லி மொத்தக் கொள்முதலைத் தடுத்தது. அதைத் தொடர்ந்து ஐந்து நிறுவனங்களும் தியேட்டர்களைப் பிரிக்க நேர்ந்தது. ஆர்.கே.ஓ. முதலில் ஒப்புக்கொண்டது. எம்.ஜி.எம்.மின் தாய் நிறுவனமான லோயூஸ் 1959 வரை இழுத்தடித்தது.

பிரித்ததால் நல்லது நடந்ததா?

நடந்தது என்றே நினைக்கிறேன், ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. திரை உறுதியில்லை என்றானதும் ஸ்டுடியோக்கள் படங்களைக் குறைத்தன. ஆண்டுக் கணக்கில் சம்பளத்தில் வைத்திருந்த நடிகர்கள், எழுத்தாளர்கள், தச்சர்கள், தையல்காரர்கள் வேலை இழந்தார்கள். அதே நேரத்தில் தொலைக்காட்சியும் வீட்டுக்குள் வந்துவிட்டது. மறுபக்கம், சுதந்திரத் தயாரிப்பாளர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஒவ்வொரு படமும் தனித்தனியாகப் பேசி, ஆள் சேர்த்து எடுக்கும் முறை அப்போதுதான் வலுவாக வேரூன்றியது.

அந்தக் கட்டுப்பாட்டை 2020-ல் ஒரு நீதிமன்றம் விலக்கிவிட்டது. 2024-ல் சோனி பிக்சர்ஸ், ஆலமோ டிராஃப்ட்ஹவுஸ் என்ற தியேட்டர் குழுமத்தை வாங்கியது. தென் கொரியாவில் இந்தப் பிரிவினையே நடக்கவில்லை: சி.ஜே. குழுமத்தில் தயாரிப்பும் விநியோகமும் ஒரு கை, சி.ஜி.வி. அரங்குகள் இன்னொரு கை.

தொழில்நுட்பம் புதிதாக வரும்போதெல்லாம் யாருக்கு லாபம்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நானும் ஒவ்வொரு முறையும் திருப்பிக் கேட்பேன்: அந்தக் கருவி யாருடைய சொத்து? அதற்கு யார் செலவழிக்கிறார்கள்?

தொடக்கத்திலேயே பாருங்கள். 1908-ல் எடிசன் முன்னின்று காப்புரிமைக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கினார். கேமராவுக்கும் புரொஜெக்டருக்கும் காப்புரிமை அவர்களிடம். ஈஸ்ட்மன் கோடாக், உரிமம் பெற்றவர்களுக்குத்தான் பிலிம் விற்கும் என்று ஏற்பாடு. புரொஜெக்டரைப் பயன்படுத்தத் தியேட்டர்கள் வாரம் 2 டாலர் கட்ட வேண்டும். படம் நன்றாக இருக்கிறதா என்ற பேச்சே இதில் இல்லை. கார்ல் லெம்லி போன்ற சுதந்திரத் தயாரிப்பாளர்கள் எதிர்த்து நின்றார்கள். புரொஜெக்டருக்குக் காப்புரிமை இருப்பதால் அதில் எந்தப் படத்தை ஓட்டலாம் என்றும் கட்டளையிட முடியாது என்று 1917-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. லெம்லி தொடங்கிய நிறுவனம்தான் யுனிவர்சல்.

1927-ல் வார்னர் பேசும் படத்தோடு வந்தபோதும் இதே கதை. ஒலிக் கருவிகள் மின்சார, தொலைபேசி நிறுவனங்களின் சொத்து. தன் ஒலிக் கருவிக்குச் சந்தை வேண்டும் என்பதற்காகவே வானொலி நிறுவனமான ஆர்.சி.ஏ. 1928-ல் ஆர்.கே.ஓ. என்ற ஸ்டுடியோவை உருவாக்கியது. தியேட்டர்களை மாற்றியமைக்கக் கடன் தேவைப்பட்டதால் வங்கிகள் உள்ளே வந்தன. கடன் கட்ட வழியில்லாத சிறு அரங்குகள் மூடப்பட்டன. ஊமைப் படங்களுக்கு அரங்கில் உட்கார்ந்து வாசித்த ஆயிரக்கணக்கான இசைக் கலைஞர்களுக்குச் சில ஆண்டுகளில் பிழைப்பு போயிற்று.

விற்காமலேயே சம்பாதித்த தொழில்நுட்பம் உண்டா?

உண்டு. எனக்கு மிகப் பிடித்த உதாரணம் டெக்னிகலர். 1932-ல் வந்த அதன் கேமரா, லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளே ஒரு முப்பட்டகத்தால் பிரித்து, மூன்று பிலிம் சுருள்களில் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். ஒரு படத்துக்கு மூன்று மடங்கு பிலிம். ஒளியும் மிக அதிகம் தேவை. விளக்குகளின் சூட்டில் நடிகர்கள் வெந்துபோவார்கள்.

இந்தக் கேமராவை எந்த ஸ்டுடியோவும் காசு கொடுத்து வாங்க முடியாது. வாடகைக்குத்தான் வரும். கூடவே டெக்னிகலரின் ஆள் வருவார். வண்ண ஆலோசகர் ஒருவர் வந்து உடை, சுவர், திரைச்சீலை நிறம் வரை கருத்துச் சொல்வார். எடுத்த பிலிம் டெக்னிகலரின் லேபுக்குத்தான் போக வேண்டும். பிரதியும் அங்கேதான் போட வேண்டும். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவர்களுக்கு வருமானம். 1950-ல் கோடாக், சாதாரண கேமராவிலேயே போட்டு எடுக்கக்கூடிய ஒற்றைச் சுருள் வண்ண பிலிமைக் கொண்டுவந்தது. நாலைந்து ஆண்டுகளில் அந்தப் பெரிய கேமராக்கள் மூலைக்குப் போயின.

பிலிம் பெட்டி போய் டிஜிட்டல் வந்ததில் மிச்சமான பணம் எங்கே போனது?

ஒரு 35 எம்எம் பிரதி எடுக்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். பெட்டியோ 20 கிலோவுக்கு மேல் கனக்கும். ஆயிரக்கணக்கான அரங்குகளுக்குப் பிரதி போட்டு அனுப்பும் செலவு முழுக்க விநியோகம் செய்யும் ஸ்டுடியோவின் தலையில். டிஜிட்டல் வந்ததும் ஒரு ஹார்ட் டிஸ்க் போதும். செலவு அதில் ஒரு சிறு பங்கு. ஆக மிச்சம் ஸ்டுடியோவுக்கு. ஆனால் புதிய புரொஜெக்டரை வாங்க வேண்டியவர் தியேட்டர்காரர். அதன் விலை பல பத்தாயிரம் டாலர்.

இந்த முரண்பாட்டால் மாற்றம் சில ஆண்டுகள் நின்றது. 2002-ல் ஏழு பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஏற்படுத்தி, 2005-ல் தொழில்நுட்பத் தரத்தை வெளியிட்டன. அப்புறம் ‘மெய்நிகர் பிரதிக் கட்டணம்’ என்று ஒரு வழி கண்டார்கள்: பிரதிச் செலவில் மிச்சமாவதில் ஒரு பகுதியை, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை, புரொஜெக்டர் கடனுக்கு ஸ்டுடியோ கொடுக்கும். புதுப்படங்களை வெளியான உடனே போடும் பெரிய அரங்குகளுக்கு அது உதவியது. நாலு வாரம் தள்ளிப் படம் போடும் சிறு அரங்குக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை. 2014 தொடக்கத்தில் பாரமவுண்ட் அமெரிக்காவில் பிலிம் பிரதி அனுப்புவதையே நிறுத்தியது.

புரொஜெக்டர் அறைக்குள் போய்ப் பார்த்தால் அதிகாரம் எப்படி இடம் மாறியது என்று புரியும். முன்பு பெட்டி வந்துவிட்டால் படம் ஆபரேட்டர் கையில். இப்போது ஹார்ட் டிஸ்க் வந்தாலும் அது பூட்டியே இருக்கும். அதைத் திறக்கும் சாவி தனி மின்கோப்பாக வர வேண்டும். இந்த அரங்கின் இந்த சர்வருக்கு மட்டும், இந்தத் தேதி இந்த மணியிலிருந்து இந்த மணி வரை என்று அதில் எழுதியிருக்கும். சர்வர் பழுதாகி மாற்றினால் புதுச் சாவி கேட்க வேண்டும். காட்சிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சாவி வராவிட்டால், நிரம்பிய அரங்கை வைத்துக்கொண்டு கையைப் பிசைவதைத் தவிர வழியில்லை.

டிஜிட்டல் கேமராவால் படம் எடுக்கும் செலவு குறைந்ததா?

தொடங்கும் செலவு குறைந்தது. மொத்தச் செலவு அப்படிக் குறையவில்லை. ஆயிரம் அடி பிலிம் சுமார் 11 நிமிடம் ஓடும். பிறகு மாற்ற வேண்டும். ஓடும் ஒவ்வொரு அடிக்கும் காசு என்பதால் ஒத்திகை பார்த்து எடுத்தார்கள். இப்போது நிறுத்தாமல் எடுக்கலாம். அதைப் பார்த்துப் பிரித்து அடுக்குவது படத்தொகுப்பாளரின் இரவுகள்.

விஷுவல் எஃபெக்ட்ஸ் இன்னும் மோசம். முழு வேலைக்கும் ஒரே தொகை பேசிவிடுவார்கள். இயக்குநர் பத்து முறை மாற்றச் சொன்னாலும் கூடுதல் காசு கிடைப்பது கஷ்டம். ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற புகழ்பெற்ற நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம், ஒரு படத்தில் அவர்கள் செய்த வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது. நன்றி சொல்ல வந்தவர் நிறுவனத்தின் நெருக்கடியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இசையைக் கூட்டி மைக்கை அணைத்தார்கள். வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பதாகையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் படத்தின் லாபத்தில் அந்த நிறுவனத்துக்கு உரிமை எதுவும் இல்லை. செய்த வேலைக்குக் கூலி மட்டும்தான். இந்தத் தொழிலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்த மைக்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பழைய படங்களில் அப்படி என்ன லாபம்?

அவற்றில்தான் லாபமே. போட்ட பணம் என்றோ வந்துவிட்டது. இனி வருவதெல்லாம் வரவு. இது புரியாமல் விற்றவர்கள் உண்டு. 1958-ல் பாரமவுண்ட், தன் பழைய பேசும் படங்களில் சுமார் 700-ஐ எம்.சி.ஏ.வுக்கு விற்றது. பழையதை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. தொலைக்காட்சி அவற்றைத் திரும்பத் திரும்ப வாங்கியது. வீடியோ வந்தது, டிவிடி வந்தது, ஓடிடி வந்தது. அவற்றில் பெரும்பாலானவை இன்றும், எம்.சி.ஏ. பின்னால் வாங்கிய யுனிவர்சல் கையில்தான்.

வீடியோவைப் பார்த்தும் ஸ்டுடியோக்கள் முதலில் நடுங்கின. வீட்டிலேயே பதிவு செய்துகொள்ள உதவும் சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ கருவி மேல் யுனிவர்சலும் டிஸ்னியும் தொடுத்த வழக்கில், 1984-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே பத்தாண்டு முடிவதற்குள், தோற்றவர்களுக்குத் தியேட்டரை விட வீடியோவிலிருந்து அதிகப் பணம் வந்தது.

அந்தப் பணத்தில் கலைஞர்களுக்குப் பங்கு உண்டா?

போராடி வாங்கிய அளவுக்கு உண்டு. 1960-ல் அமெரிக்க எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடிகர் சங்கத் தலைவர் அப்போது ரொனால்ட் ரீகன். இனி எடுக்கும் படங்கள் தொலைக்காட்சியில் ஓடினால் மறுபயன்பாட்டுத் தொகை கிடைக்கும் என்று முடிவானது. அதற்கு முன் எடுத்த படங்களுக்கான உரிமையை, ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு ஈடாக நடிகர் சங்கம் விட்டுக்கொடுத்தது. மூத்த நடிகர்கள் பலருக்கு அந்த வலி கடைசிவரை போகவில்லை. வீடியோ வந்தபோது மொத்த வருவாயில் 20 விழுக்காட்டை மட்டும் அடிப்படையாக எடுத்து, அதிலிருந்து ஒரு சிறு பங்கு என்று சூத்திரம் போட்டார்கள். புதிய சந்தை, எப்படிப் போகுமோ தெரியாது என்பது காரணம். சந்தை கொழித்த பிறகும் சூத்திரம் மாறவில்லை.

ஓடிடி வந்த பிறகு என்ன மாறியது?

நெட்ஃபிளிக்ஸ் 2007-ல் ஸ்ட்ரீமிங் தொடங்கியது. சில ஆண்டுகளில் சொந்தத் தயாரிப்புக்கு இறங்கியது. வழக்கமான ஏற்பாடு இது: தயாரிப்புச் செலவு, அதற்கு மேல் ஒரு தொகை, இரண்டையும் கொடுத்துவிட்டு எல்லா உரிமையையும் எடுத்துக்கொள்வது. படம் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு நஷ்டமில்லை. கொண்டாடப்பட்டாலும் கூடுதலாகக் கிடைப்பது சொற்பம். எனக்குத் தெரிந்து பலருக்கு இது நிம்மதியான ஏற்பாடாகவே இருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேரம் பேசக் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண், அது தளத்திடம் இருக்கிறது.

தியேட்டர் வசூலோடு கட்டிய சம்பளமும் ஆட்டம் கண்டது. 2021-ல் ஒரு படத்தைத் தியேட்டரிலும் ஓடிடியிலும் ஒரே நாளில் வெளியிட்டதற்காக ஸ்கார்லெட் ஜொஹான்சன் டிஸ்னி மேல் வழக்குப் போட்டார். சுமார் இரண்டு மாதத்தில் சமரசமானது. சின்ன நடிகர்களுக்கு அப்படி வழக்குப் போட வசதி ஏது? 2023-ல் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலையை நிறுத்தியதில் இந்தக் கோபம் பெரும் பங்கு. ஓடிடியில் அதிகம் பார்க்கப்பட்டால் போனஸ், சங்கத்துக்குப் பார்வை நேர விவரம், செயற்கை நுண்ணறிவால் நடிகரின் உருவை உருவாக்கச் சம்மதமும் சம்பளமும் என்று சில விஷயங்களை வாங்கினார்கள்.

ஏன் எங்கு பார்த்தாலும் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம்?

கதாபாத்திரம் சொத்தாகிவிட்டதால். 1970களில் ஜார்ஜ் லூகாஸ், ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்குச் சம்பளத்தைப் பெரிதாகக் கேட்காமல் தொடர்ச்சிப் படங்களின் உரிமையையும் பொம்மை முதலான வணிகப் பொருள் உரிமையையும் கேட்டு வாங்கினார். 2012-ல் அவருடைய நிறுவனத்தை டிஸ்னி 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர் புதுக் கதை தேடுவாரா, வாங்கியதைப் பயன்படுத்துவாரா?

இதற்கு மாற்று வழி எதுவும் இருக்கிறதா?

பிரான்ஸைப் பார்க்கலாம். அங்கே டிக்கெட் விலையில் 10.72 விழுக்காடு ஒரு சிறப்பு வரியாக, 1946-ல் தொடங்கிய தேசிய சினிமா மையத்துக்குப் போகிறது. அங்கிருந்து தயாரிப்புக்கும் அரங்குகளுக்கும் திரும்பி வருகிறது. வெளிநாட்டுப் படம் ஓடினாலும் அந்தப் பங்கு உள்ளூர்ப் படத்துக்கு உதவும். தொலைக்காட்சிகளுக்கும் ஓடிடி தளங்களுக்கும் அங்கே முதலீட்டுக் கடமை உண்டு.

முதல் படம் எடுப்பவர் ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

தொகையைக் கடைசியில் பாருங்கள். முதலில், எந்தெந்த உரிமை, எந்தெந்த நாட்டுக்கு, எந்தெந்த மொழிக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘இப்போது உள்ளதும் இனி கண்டுபிடிக்கப்படுவதுமான எல்லா ஊடகங்களிலும்’ என்ற வரி அநேகமாக எங்காவது இருக்கும். அதை எடுக்க முடியாவிட்டால் காலத்தையாவது சுருக்கச் சொல்லுங்கள். மறு ஆக்கம், அடுத்த பாகம், மொழிமாற்றம் மூன்றையும் வெளியே எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை கேளுங்கள். குறிப்பிட்ட மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் படம் உங்களிடமே திரும்ப வர வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். இதையெல்லாம் வழக்கறிஞரை வைத்துப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். முன்பணக் காசோலை ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.